விவாத இழை: வீட்டில் ஓடும் மாடல் ரயில் கண்காட்சியிலும் ஓடுமா?

6 செப்டம்பர் 2025, ஒரு வாசகரின் கேள்வி

இங்கிலாந்தில் இருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் உள்ளூர் கிளப் கண்காட்சிக்கு என் லேஅவுட்டை, அதாவது பலகைமேல் கட்டிய மாடல் ரயில் அமைப்பை, கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஓஓ அளவு (நிஜத்தில் 76.2இல் ஒரு பங்கு), மாடி அறையில் தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கழற்றி, காரில் ஏற்றி, அங்கே மாட்டினால் முடிந்ததுதானே? வீட்டில் ஓடுவது அங்கேயும் ஓடும் என்பது என் கணக்கு. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

6 செப்டம்பர், இரவு, ஒருவரின் பதில் (கீழே வருபவையும் அவர் எழுதியவை)

ஓடாது.

கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒரு பெட்டி தடம்புரண்டால் விரலால் தூக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பீர்கள், அது நினைவில்கூட நிற்காது. கண்காட்சியில் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஐந்து, ஞாயிறு பத்திலிருந்து நாலு, ஆக மொத்தம் பதின்மூன்று மணி நேரம் அதே பெட்டி அதே பாயிண்டில், அதாவது பாதை பிரிகிற இடத்தில், இறங்கிக்கொண்டே இருக்கும். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒவ்வொரு தடவையும் அதை அப்பாவுக்கு அறிவித்துக்கொண்டே இருப்பான். அப்பா சிரிப்பை அடக்குவார். இதுதான் வித்தியாசம்.

என்னுடையது மீட்டர் கேஜ், நிஜத்தில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இருக்கும் பாதை. 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர். மாயவரம்–தரங்கம்பாடி கிளைப்பாதை 1926இல் திறந்து 1980களில் மூடப்பட்டதே, அதை மனதில் வைத்துக் கட்டிய கற்பனைக் கடைசி ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், ஒரு கூட்ஸ் ஷெட், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி, பின்னால் வயல், பனை. பார்வைக்குத் தெரிகிற பகுதி 1.2 மீட்டர் பலகைகள் இரண்டு, மூன்றாவது பலகை மறைவில், அங்கேதான் ரயில்கள் நிற்கும், கிளம்பும்.

வரும் அக்டோபர் 18, 19 இங்கே மிட்லாண்ட்ஸில் (நடு இங்கிலாந்து) ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு இதை எடுத்துப் போகிறேன். 20ஆம் தேதி திங்கட்கிழமை தீபாவளி. வீட்டில் அதைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

7 செப்டம்பர்

அழைப்பு வந்தால் கூடவே ஒரு படிவம் வரும். அதை ரசீது மாதிரி நினைத்து நிரப்பாதீர்கள். லேஅவுட்டின் நீளம் அகலம் கேட்பார்கள். நீங்கள் நிற்கிற இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு நாள் ஒருக்களித்து நிற்க வேண்டியதுதான். எத்தனை பேர் ஓட்ட வருகிறீர்கள், எத்தனை பிளக் வேண்டும், இன்சூரன்ஸுக்கு மதிப்பு எவ்வளவு, வண்டிச் செலவு, தங்கும் செலவு, எல்லாம் அதில்தான். மின்சாதனங்களுக்குச் சோதனைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பல இடங்களில் பார்க்கிறார்கள். வீட்டில் நாமே ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும், அது நல்லதுதான்.

ஆள் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன லேஅவுட்தானே, ஒருத்தர் போதும் என்று தோன்றும். ஒருத்தர் சாப்பிட, ஒருத்தர் கழிப்பறைக்குப் போக, ஒருத்தர் மற்ற லேஅவுட்டுகளைப் பார்க்க என்று வைத்துப் பாருங்கள். எனக்கு மச்சானும் மகளும் வருகிறார்கள். மச்சானுக்கு ரயிலில் ஆர்வம் கிடையாது, கண்காட்சிக் கான்டீனில்தான் ஆர்வம். சைவம் என்றால் அங்கே சீஸ் சாண்ட்விச்தான் கிடைக்கும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

9 செப்டம்பர்

மூட்டு. எல்லா வில்லங்கமும் பலகையும் பலகையும் சேருகிற இடத்தில்தான்.

உங்கள் லேஅவுட் மாடி அறையில் ஒரே இடத்தில் இருப்பதால் அந்த மூட்டு இதுவரை வேலையே செய்ததில்லை. போல்ட் போட்டு இறுக்கினால் போதாது, போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஒரு பலகையில் பித்தளைக் குமிழ், எதிர்ப் பலகையில் அது போய் உட்காரும் பித்தளைக் குழி, இந்த ஜோடி இரண்டு இடத்தில் வேண்டும். இடம் சரியாக உட்காருவது குமிழால், பிரியாமல் இருப்பது போல்டால். இந்த இரண்டு வேலையையும் ஒரே போல்டிடம் கொடுப்பவர்கள்தான் ஒவ்வொரு கண்காட்சியிலும் வெள்ளிக்கிழமை இரவு தரையில் படுத்துக்கிடப்பவர்கள்.

தண்டவாள முனையைப் பசையால் ஒட்டி நம்பாதீர்கள். பலகை விளிம்பில் பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தைச் சால்டர் செய்யுங்கள். அப்புறம் கார் கதவு இடித்தாலும் முனை வளையாது.

9 செப்டம்பர், சற்றுப் பின்

காரை அளந்தீர்களா? பின்கதவு திறந்த வாயின் அகலத்தை, உள்ளே இருக்கிற அகலத்தை அல்ல.

13 செப்டம்பர்

"வெயிலுக்கும் குளிருக்கும் தண்டவாளம் நீளும் என்பதெல்லாம் நிஜ ரயிலுக்குத்தான், பொம்மைக்கு என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப் போடலாம். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 15 டிகிரி சூடு ஏறினால், சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். மூட்டில் நீங்கள் விட்ட இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் பாதி போயிற்று. வெள்ளி இரவு அரங்கம் குளிர்ந்து கிடக்கும், சனி மதியம் நானூறு ஐந்நூறு பேர் மூச்சுக்காற்றிலும் ஹீட்டரிலும் கொதிக்கும், மேற்கு ஜன்னல் வழியாக நாலு மணிக்கு வெயில் நேராக ஒரு பலகையில் மட்டும் விழும். மரப்பலகை ஈரத்துக்கு ஊதுவது இதற்கு மேலே தனி. மின்சாரப் பிரிவுக்காக வெட்டிய இடைவெளி மூடிக்கொண்டால் ஷார்ட். அதனால் அந்த வெட்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக் சொருகி, தண்டவாள உருவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

14 செப்டம்பர்

டிசிசியா (ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை), சாதா டிசியா (தண்டவாளத்தில் நேர்மின்சாரம் மட்டும்) என்ற சண்டைக்கு இந்த இழையில் இடமில்லை. என்னுடையது சாதா 12 வோல்ட் டிசி. பழுது வந்தால் மல்டிமீட்டரோடு பின்னால் குனிந்து ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்பதுதான் காரணம். இஞ்சின் சத்தத்துக்காக டிசிசி வேண்டும் என்கிறவர்களுக்கு: அரங்கத்து இரைச்சலில் உங்கள் இஞ்சினின் ஊதல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, கேட்கிற அளவுக்குக் கூட்டிவைத்தால் பக்கத்து லேஅவுட்காரர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

21 செப்டம்பர்

எந்த வேகத்தில் ஓட்டுவது என்று கேட்டவருக்கு.

கிளைப்பாதைப் பாசஞ்சர் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். 1:87இல் அது வினாடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர். என் காட்சிப் பகுதி 2.4 மீட்டர். அதாவது நிஜமான வேகத்தில் வந்தாலும் இருபத்தைந்து வினாடியில் ரயில் பலகையைக் கடந்துவிடும். அதுவே பெரும்பாலானவர்கள் பொம்மை வேகத்தில், வினாடிக்கு முப்பது நாற்பது சென்டிமீட்டரில் ஓட்டுகிறார்கள், ஏழெட்டு வினாடியில் மேடை காலி. அதன் பிறகு வெறும் பிளாட்பாரத்தை யார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? பார்வையாளர் அரை நிமிடம் பொறுப்பார், அதற்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் நகர்ந்துவிடுவார். கண்காட்சி முழுக்க இந்த அரை நிமிடத்தோடு நடக்கிற போராட்டம்தான்.

கடைசி ஸ்டேஷன் என்பதால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. ரயில் வந்து நின்றதும் இஞ்சினைக் கழற்றி, முன்னால் போய், பாயிண்ட் மாற்றி, பக்கத்துப் பாதையில் திரும்பி வந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். மெதுவாகச் செய்தால் மூன்று நிமிடம் கூட்டம் அசையாது. நடுவில் கூட்ஸ் வண்டி ஒன்றை ஷெட்டில் தள்ளிவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். வட்டப் பாதை லேஅவுட்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஒன்று போனால் அடுத்தது வரும். ஆனால் அதையே மூன்றாவது சுற்றில் பார்ப்பவருக்கு மீன்தொட்டி பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

டைம்டேபிள் எழுதி வைத்து அதன்படி ஓட்டும் பெரிய மனிதர்கள் உண்டு. என் கருத்து: டைம்டேபிளைக் கிழித்துப் போடுங்கள். ஏதாவது ஒன்று எப்போதும் நகர வேண்டும், அவ்வளவுதான்.

22 செப்டம்பர்

சென்னையிலிருந்து கேட்ட நண்பருக்கு: நம் ஊரில் கிளப் கண்காட்சிப் பழக்கம் இந்த அளவுக்கு வேரூன்றவில்லை. இங்கே லண்டனில் மாடல் ரயில்வே கிளப் 1910லேயே ஆரம்பித்தாயிற்று, நூறு வருஷம் தாண்டிய பழக்கம். இந்தியாவில் ஓடுகிற லேஅவுட் பார்க்க வேண்டும் என்றால் புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்குப் போங்கள், 1998இல் பொதுமக்களுக்குத் திறந்தது, காட்சியாக ஓட்டிக் காட்டுவார்கள். சென்னையில் பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே நிஜ இஞ்சின்களை அருகில் நின்று அளக்கலாம். அளவு நாடா எடுத்துப் போங்கள். காவலாளி கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், விட்டுவிடுவார்.

28 செப்டம்பர்

பின்திரைக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டுவதா, முன்னால் நின்று ஓட்டுவதா?

இங்கே பழைய வழக்கம் பின்னால். தலை மட்டும் திரைக்கு மேலே தெரியும், அந்தத் தலையும் யாரையும் பார்க்காது. கேள்வி கேட்க வந்தவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அந்த உச்சந்தலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான் முன்னால், ஓரத்தில், மக்களோடு நின்று ஓட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு மீட்டர் வயர், அவ்வளவு செலவுதான். மீட்டர் கேஜ் என்றால் என்ன என்றே தெரியாத ஊரில் அதை எடுத்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நிற்க என்னால் முடியாது.

4 அக்டோபர்

கொண்டுபோகிற பெட்டியில் என்ன என்று கேட்டதால் அவசரமாக: தண்டவாளம் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் விடாத துணி, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், உபரி பாயிண்ட் மோட்டார், மட்டப் பலகை (அரங்கத் தரை ஒருபோதும் சமமாக இருக்காது, லேஅவுட் கால்களில் திருகி உயர்த்தும் போல்ட் வைத்திருந்தால் பிழைத்தீர்கள்), கறுப்புத் துணி, ஊசிகள், தலைவலி மாத்திரை. உபரி இஞ்சினும் ஒன்று. ஓடுகிற நிலையில் உள்ள உபரி இஞ்சின்.

17 அக்டோபர், வெள்ளி, நள்ளிரவு

கட்டியாயிற்று. குமிழ் குழியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்து லேஅவுட்காரர் தரையில் படுத்திருக்கிறார்.

வாடகை வேன் பற்றிப் பேச வேண்டாம். பதிவு செய்தது ஒன்று, வந்தது ஒன்று, உள்ளே முந்தையவர் ஏற்றிய சிமெண்ட் தூசி. பலகைகளை எதிரெதிராக முகம் பார்க்க வைத்து, இரண்டு முனையிலும் ஒட்டுப்பலகை அடித்துப் பெட்டி மாதிரி ஆக்கியிருந்ததால் தூசி உள்ளே போகவில்லை. வேறு எந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அப்படிக் கட்டுங்கள்.

18 அக்டோபர், சனி, இரவு

கால் வலி. சுருக்கமாக.

எதிர்பார்த்தபடி நாலு மணி வெயில் இரண்டாம் பலகையில் விழுந்தது, பிளாஸ்டிக் துண்டு காப்பாற்றியது. ஒரு பாயிண்ட் மோட்டார் மதியம் சூடாகிச் செத்துப்போனது. விரலால் தள்ளி ஓட்டினோம், யாரும் கவனிக்கவில்லை, பிள்ளைகள் மட்டும் கவனித்தார்கள், அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி: "கூரை மேல் ஆட்கள் எங்கே?" இந்திய ரயில் என்றாலே கூரையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்திருக்கிறது. முதலில் பொறுமையாக, இது வயல்காட்டுக் கிளைப்பாதை, மதிய ரயில், உள்ளேயே இடம் இருக்கும் என்று விளக்கினேன். மதியத்துக்கு மேல் "அவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள்" என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள். அது நன்றாக வேலை செய்தது.

இன்னொருவர் கையில் வெர்னியர் இல்லாத குறையாகக் குனிந்து பார்த்துவிட்டு, 12 மில்லிமீட்டரை 87ஆல் பெருக்கினால் 1044, மீட்டர் கேஜ் 1000தானே, 44 மில்லிமீட்டர் அகலம் கூடிவிட்டதே என்றார். சரிதான். ஆனால் அவருடைய கிளப் லேஅவுட் ஓஓ. 16.5ஐ 76.2ஆல் பெருக்கினால் 1257; இங்கே நிஜப் பாதை 1435. ஆக 178 மில்லிமீட்டர் குறுகலான பாதையில் ரயில் விடுகிறவர் என் 44ஐக் கண்டுபிடித்திருக்கிறார். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான், சண்டை போட்டால் நண்பர்களாகிவிடுகிறார்கள்.

மச்சான் சீஸ் சாண்ட்விச் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நாளைக்குத் தயிர்சாதம் கட்டித் தருவதாக வீட்டில் பேசி முடித்திருக்கிறது.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்தது, பலகைகள் இன்னும் கூடத்தில் நிற்கின்றன, மத்தாப்புப் பெட்டி கூட்ஸ் ஷெட் மேல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிறு கூட்டம் வேறு. சனிக்கிழமை குடும்பங்கள் வரும், ஞாயிறு மதியத்துக்கு மேல் உட்கார நாற்காலி தேடுகிற ஆர்வலர்கள் வருவார்கள், ஒரே லேஅவுட் முன் அரை மணி நிற்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒரு பெரியவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தமிழில், "தம்பி, இது மீட்டர் கேஜ் தானே?" என்றார். மன்னார்ப் பக்கத்துக்காரர். எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து எழும்பூருக்கு ரயில் ஏறியவர். "எங்கட பக்கம் பெரிய பாதை, அதில ஓடிப் பழகினவைக்கு உங்கட ரயில் சின்னப் பிள்ளையள் ரயில் மாதிரித்தான் இருந்தது. ஆனா பாம்பன் பாலத்தில ஏறினாப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல" என்றார். அப்போது இருந்தது 1914இல் திறந்த பழைய பாலம், ஒற்றைப் பாதை, கைப்பிடிச் சுவர் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே நேராகக் கடல், சிரிக்க முடியாதுதான். இலங்கையில் பிரதான பாதைகள் 1676 மில்லிமீட்டர் அகலம் என்பதை அருகில் நின்ற ஆங்கிலேயருக்கு அவரே விளக்கினார். நான் கட்டுப்பாட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். இஞ்சினை மாற்றி மாட்டும் வேலையை என்னைவிட மெதுவாகச் செய்தார்.

கொக்கி மாட்டியதும், "கார்ட்டுக்குக் கொடி காட்ட விடுங்கோ, அதுக்குள்ள எடுக்கிறீங்கள்" என்று என்னைக் கண்டித்தார். அவ்வளவு நேரமும் நான் ரயிலை வந்த வேகத்தில் கிளப்பிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது என் சட்டம்.

26 அக்டோபர்

அதனால் 21 செப்டம்பர் குறிப்புக்கு ஒரு திருத்தம். டைம்டேபிளைக் கிழிக்கச் சொன்னேன். சனிக்கிழமைக்கு இன்னும் அதையே சொல்வேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒட்டிவையுங்கள். ரயில் வந்து நின்று, ஆட்கள் இறங்க ஒரு நேரம், தண்ணீர் பிடிக்க ஒரு நேரம், கைகாட்டி இறங்க ஒரு நேரம், அதற்குப் பிறகு கிளம்பட்டும். எதற்காக நிற்கிறது என்று தெரிந்து பார்ப்பவருக்கு நிற்கிற ரயிலும் நிகழ்ச்சிதான். தெரியாதவருக்காக ஒரு சின்ன அட்டையில் "இப்போது தண்ணீர் பிடிக்கிறது" என்று எழுதித் தொங்கவிடப் போகிறேன். அரை நிமிடக் கெடு தானாக மூன்று நிமிடமாக நீளும் என்பது என் ஊகம், அடுத்த கண்காட்சியில் பார்க்கலாம்.

முன்னால் நின்று ஓட்டுவது பற்றியும். பேசிக்கொண்டே ஓட்ட முடியவில்லை. பேச்சு சூடாகும் நேரத்தில் ரயில் தடுப்புக்கட்டையில் போய் முட்டும். ஒருவர் முன்னால் பேச, ஒருவர் பின்னால் ஓட்ட, இதுதான் சரி. ஆக பின்னால் ஓட்டும் பழைய ஆட்கள் முழுக்கத் தப்பில்லை, தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.

27 அக்டோபர்

உயரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தண்டவாளம் தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருந்தால் நின்று பார்க்கிற பெரியவர்களுக்குக் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வரும், நிஜமாக பிளாட்பாரத்தில் நிற்கிற உணர்வு கிடைக்கும், புகைப்படமும் நன்றாக விழும். ஆனால் சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவுக்குப் பலகையின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு முக்காலி வைக்கலாம், அவருக்கு என்ன வைப்பது? காலை வெட்டி ஒரு மீட்டருக்கு இறக்குகிறேன். புகைப்படம் எடுப்பவர்கள் குனியட்டும்.

இழையைத் தொடங்கிய நண்பருக்கு: வசந்தத்துக்கு நிறைய நேரம் இருக்கிறது. இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். லேஅவுட்டை முழுதாகக் கழற்றி, கார்வரை தூக்கிப்போய், திரும்ப மாடிக்குக் கொண்டுவந்து மாட்டி, உடனே ஒரு மணி நேரம் கையே வைக்காமல் ஓட்டுங்கள். தடம்புரண்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். காகிதம் விழுந்த இடங்களைத்தான் குளிர்காலம் முழுக்கச் சரிசெய்ய வேண்டும், புதுக் கட்டடமோ புது இஞ்சினோ இப்போது வேண்டாம். படிவத்தில் சரி என்று எழுதுங்கள், போங்கள்.

2 நவம்பர்

பனைமரம் எப்படி என்று கேட்டவருக்கு. 20 மீட்டர் பனை 1:87இல் 23 சென்டிமீட்டர் வருகிறது. எல்லோரும் பயந்து பாதி உயரத்துக்குச் செய்கிறார்கள், அது ஈச்சை மாதிரி ஆகிவிடுகிறது. உயரத்தைக் குறைக்காதீர்கள். மூங்கில் சீவல் தண்டு, அதன்மேல் நூல் இறுக்கிச் சுற்றிக் கறுப்பும் சாம்பலும் கலந்து பூச்சு. மட்டை தடித்த காகிதத்தில் விசிறியாக வெட்டி, மடிப்பெடுத்து, மெல்லிய கம்பியில் ஒட்டியது. அடியில் காய்ந்த மட்டை நாலு தொங்க வேண்டும், அது இல்லாவிட்டால் பனை இல்லை. வேனில் போகும்போது மரங்களைப் பிடுங்கித் தனிப் பெட்டியில் படுக்க வையுங்கள், தண்டின் கீழே ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் எடுக்கவும் நடவும் சுலபம். விசிறி வெட்டும் அளவுப்படம் நாளை ஏற்றுகிறேன். உங்களுடையது ஓஓ அளவு, ஆகவே 14 சதவீதம் பெரிதாக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.